வேர்க்காதவள்

மே 4, ஞாயிறு

இந்த டைரியில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ராகு காலம், எமகண்டம் எல்லாம் அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய பக்கத்தில் கூடுதலாக ஒரு வரி: அக்னி நட்சத்திரம் ஆரம்பம். அடியில் தனபால் மாமா மேனேஜராக இருக்கும் பட்டுக்கடையின் பெயர். பொங்கலுக்கு இதைக் கையில் கொடுத்தபோது, அடுத்த வருஷம் நீயே பில் போடுகிற இடத்தில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கொடுப்பாய் என்று மாமா சொன்னார். அதனாலேயே இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்தேன். இன்றைக்கு எடுத்துவிட்டேன். அவர் தோற்ற கதையை அவர் டைரியிலேயே எழுதிவைக்கிற சுகம் வேறு.

வேலம்பட்டு கிளை அஞ்சலகத்தில் எனக்குத் தபால் கொடுக்கும் வேலை கிடைத்தது மார்கழியில். பனியில் போய்வந்தவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெயில் ஏற ஏற வீட்டில் பேச்சும் ஏறியது. இன்று காலை அம்மாவும் மாமாவும் என்னை நடுவில் உட்காரவைத்துக்கொண்டார்கள். வேர்க்காத உடம்பை வைத்துக்கொண்டு கத்திரி வெயிலில் சைக்கிள் மிதிப்பாயா என்று மாமா கேட்டார். மிதிப்பேன் என்றேன். கடையில் ஏ.சி. இருக்கிறது, உட்கார்ந்த இடத்தில் சம்பளம் என்றார். அந்தக் கடையில் இருக்கும் பொம்மைகளுக்கும் ஏ.சி.தான் மாமா என்றேன். அம்மா என் தொடையில் ஒன்று வைத்தாள்.

கடைசியில் தீர்ப்பையும் அம்மாவே சொன்னாள்.

"கத்திரி முடியற வரிக்கும் பாக்கலாம் அமுலு. ஒருவாட்டி மயங்கி வுழுந்தாலும் மாமா கடைக்குப் போயிடணும். வுழலன்னா அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்."

உள்ளங்கையை நீட்டினாள். ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தேன். அம்மா கையை எடுக்கவில்லை.

மே 5, திங்கள்

என்னைப் பற்றி நானே எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் சொன்னால் பரிதாபம் கலந்து சொல்வார்கள்.

பெயர் அமுதவல்லி. வீட்டில் அமுலு. பிறக்கும்போதே தோலில் வியர்வைச் சுரப்பி கிடையாது. தலையில் முடி எண்ணெய் தடவினால் மண்டை தெரிகிற அளவுக்கு. வாயில் பாதிப் பல் கட்டியது. இது தொற்றாது, கர்மவினையும் இல்லை. கருவில் தோல் உருவாகிற நேரத்தில் வந்த குறை, அவ்வளவுதான். வேலூரில் பெரிய டாக்டர் படம் வரைந்து காட்டினார். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தப் படத்துக்காகவே பிறகு கல்லூரியில் விலங்கியல் எடுத்தேன்.

விஷயம் ரொம்ப எளிமை. பல்லிக்கும் பாம்புக்கும் உடம்பில் அடுப்பு கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். சூடு வேண்டுமானால் வெயிலில் போய்ப் படுக்கும், போதுமென்றால் நிழலுக்கு நகரும். நமக்கு அடுப்பு உள்ளேயே எரிகிறது. ஈரல், இதயம், மூளை, தசை எல்லாமே விறகு. தூங்கினாலும் எரியும். செத்தால்தான் அணையும். சூடு கூடினால் மூளையின் அடியில் ஒரு கடலை அளவு இடம் அதைக் கண்டுபிடித்து, தோலுக்கு ரத்தத்தை அனுப்பு, வேர்க்கவை என்று உத்தரவு போடும். வேர்வை காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். எனக்கும் உத்தரவு ஒழுங்காகத்தான் போகிறது. எடுத்துச் செய்ய ஆளில்லை. ரத்தம் மட்டும் தோலுக்கு ஓடிவந்து முகத்தைச் சிவக்கவைத்துவிட்டுத் திரும்பிப் போகும்.

காற்றே உடம்பை விடச் சூடாக இருக்கும் நாளில் விசிறியால் ஒரு பிரயோசனமும் இல்லை, அடுப்பை ஊதுகிற மாதிரிதான். ஈரம் ஒன்றுதான் வழி. ஆகவே என் வேர்வையை நான் வெளியிலிருந்து ஊற்றிக்கொள்கிறேன். கடவுள் வைக்க மறந்ததைக் குழாயடியில் பிடித்துக்கொள்கிறேன். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது?

மே 7, புதன்

ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. முழுக்கை பருத்திச் சட்டையை நனைத்தே போட்டுக்கொள்கிறேன். தலையிலும் கழுத்திலும் ஈரத் துண்டு. தபால் பையை மட்டும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி சைக்கிள் முன்கூடையில் வைத்துவிடுகிறேன். வழியில் தெருக்குழாய் வரும் இடமெல்லாம் இறங்கி ஒரு குளியல். சொட்டச் சொட்டப் போய் வாசலில் நின்றால் முதல் நாள் எல்லாரும் முறைத்தார்கள். லோகநாதன் சார், எங்கள் போஸ்ட்மாஸ்டர், அரசாங்க உத்தியோகத்துக்கு ஒரு தோரணை வேண்டாமா என்றார். தபால் நனைந்திருந்தால் சொல்லுங்கள் சார் என்றேன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் காய்ந்திருந்தது.

ஊர்க்கோடியில் தேசம்மா அக்கா வீடு. நான்கு எருமை வைத்து பால் ஊற்றுகிறவர். வீட்டுக்குப் பக்கத்திலேயே குட்டை. அங்கே எருமைகள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடக்கும். பள்ளிக்கூடத்தில் என்னை எருமை என்று கூப்பிடுவார்கள், குழாயைக் கண்டால் விடமாட்டேன் என்பதால். கல்லூரியில் படித்த பிறகுதான் அது எத்தனை சரி என்று தெரிந்தது. எருமைக்கு வியர்வைச் சுரப்பி பசுமாட்டை விட மிகக் குறைவு, தோலோ கறுப்பு. தண்ணீரில் இறங்குவது அதன் சோம்பேறித்தனம் இல்லை, புத்தி. இதை அக்காவிடம் சொன்னேன். அவர் வாளியில் மொண்டு முதலில் எருமைக்கு ஒன்று ஊற்றினார், அடுத்ததை என் தலையில் ஊற்றினார். இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

மே 9, வெள்ளி

விழவில்லை.

மே 12, திங்கள்

விழவில்லை. தலைவலி இல்லை. கொஞ்சம் இருந்தது, ஆனால் அதைத் தலைவலி என்று சொல்ல முடியாது.

கிழக்குத் தெரு சரோஜாவுக்கு வந்த கடிதத்தை மேற்குத் தெரு சரோஜாவிடம் கொடுத்துவிட்டேன். ஊரில் ஆளுக்கு ஆள் சரோஜா என்று பெயர் வைத்தால் நான் என்ன செய்வது?

மே 14, புதன்

வாசலில் துவைத்த துணியை மடித்துக்கொண்டே அம்மா என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தாள். நெற்றியில் கை வைக்க வந்தாள், நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் கம்பளி கிடையாது. மார்கழியில்கூட மெல்லிய பருத்திப் போர்வைதான். மாமா கல்யாணப் பரிசாக வந்த கம்பளி ஒன்றைக் கொடுத்தபோது அம்மா அதைத் தொடவே இல்லை, வாசலோடு திருப்பி அனுப்பினாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. தம்பி அரசு நாலு வயதில் காய்ச்சலில் போனான். அதுவும் ஒரு மே மாதம்தான். அவனுக்கும் என்னைப் போலவே தலையில் முடி இருக்காது. அப்போது எங்களுக்கு டாக்டர் படம் வரைந்து காட்டியிருக்கவில்லை.

இன்று வெயில் அதிகம். விழவில்லை.

மே 16, வெள்ளி

மேற்குத் தெருவில் ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். "உடம்பு கொதிக்கிது, ஒரு சொட்டு வேர்வ இல்லியே" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். அவரும் தடவினார். அவர் தன் மருமகளைக் கூப்பிட்டார். தபால் கொடுக்க வந்தவளைப் பலாப்பழம் மாதிரி ஆளாளுக்குத் தட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சுரப்பி இல்லை, அதனால்தான் என்று பாடம் எடுத்தேன். கேட்டுவிட்டு, கெங்கையம்மன் திருவிழா வருகிற நேரத்தில் இப்படி ஒரு பெண் நனைந்த துணியோடு ஊரைச் சுற்றுகிறாளே, சும்மாவா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

சும்மாதான். மாதச் சம்பளத்துக்கு.

மே 19, திங்கள்

இன்று வெயில் அதிகம். விழவில்லை. கிழக்குத் தெரு சரோஜாவுக்கு வந்த கடிதத்தை

இது முன்னாலேயே எழுதியிருக்கிறேன் போல. பரவாயில்லை.

மே 21, புதன்

நாளை வேலம்பட்டில் கெங்கையம்மன் தேர். லோகநாதன் சார் நாளைக்கு நீ வரவேண்டாம், கூட்டமாக இருக்கும், தபாலை மறுநாள் கொடுத்துக்கொள்ளலாம் என்றார். முகம் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்றும் கேட்டார். பவுடர் என்றேன்.

அவர் நல்ல மனிதர்தான். ஆனால் நாளைக்கு லீவு போட்டால், அதுவும் பயந்து போட்ட லீவுதான். அம்மாவிடம் அடித்த சத்தியம் விழமாட்டேன் என்பது. ஒளிந்துகொள்வேன் என்பதல்ல.

மே 23, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்று படுத்துக்கொண்டே எழுதுகிறேன். மார்பில் ஈரத் துணி, கையில் ஊசி குத்திய இடத்தில் வீக்கம்.

உண்மையை எழுதுகிறேன். விழுந்தேன்.

என் கணக்கில் ஒன்று விட்டுப்போய்விட்டது. தேர் உயரம். தெருவில் வரும்போது மின்கம்பியில் இடிக்கும் என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிடுவார்கள். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் குழாயில் தண்ணீர் இல்லை. இதை ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். வெளியூரிலிருந்து வந்துபோகிற எனக்குத் தெரியவில்லை. முதல் குழாய் காற்றை விட்டது. இரண்டாவது அதுகூட விடவில்லை. தேசம்மா அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்றால் நடுவே தேரும் ஜனமும். துண்டு முறுக்கிக் காயப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. திரும்பியிருக்கலாம். பையில் இன்னும் தபால் இருந்தது, திரும்பவில்லை.

கோயில் பக்கம் பம்பை மேளம் அடித்துக்கொண்டிருந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சத்தம் என் மண்டைக்குள்ளிருந்து வருகிறது என்று நினைத்தேன். சைக்கிளைக் காணோம். இறங்கினேனா, விழுந்தேனா தெரியாது. மீதியெல்லாம் தேசம்மா அக்கா சொல்லித் தெரிந்துகொண்டது.

நான் ஆடினேனாம். முன்னும் பின்னுமாக, தலைத்துண்டு அவிழ்ந்து விழ, கண் மேலே செருக, ஏதோ முனகிக்கொண்டு ஆடினேனாம். யாரோ ஒருத்தி, "அம்மா வந்துட்டா" என்று கத்தினாளாம். அவ்வளவுதான், பம்பைக்காரர்கள் தேரை விட்டுவிட்டு என்னிடம் வந்துவிட்டார்கள். என்னைச் சுற்றி வட்டம் கட்டி நின்று காற்றை அடைத்தார்கள். சாம்பிராணி போட்டார்கள். முகத்துக்கு நேரே கற்பூரத் தட்டைச் சுற்றினார்கள். அடுப்பு அணையவில்லை என்று தவிக்கிறவளைச் சுற்றி இன்னும் நெருப்பு. மயங்கிக் கிடந்தால் யாராவது நிழலுக்குத் தூக்கியிருப்பார்கள். சாமியை யார் தூக்குவார்கள்? இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தால் நான் இந்தப் பக்கத்தை எழுதியிருக்க மாட்டேன்.

பூசாரி கேட்க வேண்டியதைக் கேட்டார். சாமி வந்தால் முதலில் அதைத்தானே கேட்பார்கள்.

"யாரு தாயி வந்துகீற? உனக்கு இன்னா வோணும் சொல்லு."

"தண்ணி," என்றேனாம். "தலையில ஊத்துங்க."

தேருக்கு முன்னால் ஊற்ற வீட்டுக்கு வீடு அண்டாவில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, வேப்பிலை போட்டு வைத்திருந்தார்கள். அத்தனையும் என் தலைக்கு வந்தது. குடம் குடமாக ஊற்றினார்கள். நான், இன்னும், இன்னும் என்றேனாம். அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வட்டத்தைக் கலைத்தாராம். "அம்மாவுக்குக் காத்து வோணும், தள்ளுங்க" என்று அதட்டினாராம். அவர் சாமி என்று நம்பிச் சொன்னாரா, எருமைக்காரி என்பதால் சொன்னாரா என்று கேட்டேன். எதுவாயிருந்தால் என்ன, வழி விட்டார்கள் இல்லையா என்றார்.

அதற்குப் பிறகுள்ளது எனக்கே ஞாபகம் இருக்கிறது. வேப்பமரத்து நிழல், உடம்பெல்லாம் மஞ்சள், காலடியில் ஐந்தாறு பேர் விழுந்து கிடக்கிறார்கள். ஒருத்தி பிள்ளை வரம் கேட்கிறாள். ஒருவர் போர் போட்டால் தண்ணீர் வருமா என்கிறார். நான் எழுந்து உட்கார்ந்து சொன்னேன்.

"எனக்குச் சாமி வரல. எனக்கு வேர்க்காது. வெயில்ல மயங்கிட்டேன்."

பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமி வந்தவர்களுக்கு எப்போதும் ஒன்றும் ஞாபகம் இருக்காது என்று எல்லாருக்கும் விளக்கினார். லோகநாதன் சார் அதற்குள் அம்மாவுக்கு போன் போட்டிருந்தார்.

மே 24, சனி

அம்மா நேற்று முன்தினம் ஆட்டோ பிடித்து ஊருக்குள் வந்தபோது, பெண்கள் அவளையும் கும்பிட்டார்களாம். பெற்ற வயிறு குளிர்ந்தது என்றார்களாம். அம்மா யாரிடமும் நிற்கவில்லை. நேரே வந்து என் கழுத்தடியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் இறங்குகிறவரை அந்தக் கையை எடுக்கவே இல்லை.

இன்று நானே பேச்சை எடுத்தேன். ஊரே சாமி என்கிறது. நான் சும்மா இருந்தால் போதும், பந்தயத்தில் ஜெயித்துவிடலாம். ஆனால் கெங்கையம்மன் தயவில் எனக்கு ஒரு வெற்றியும் வேண்டாம்.

"மயங்கித்தான் வுழுந்தேம்மா. சத்தியம் தோத்துச்சு. ஆனா நான் கடைக்குப் போமாட்டேன். நீ அடிச்சாலும் போமாட்டேன்."

அம்மா அடிக்கவில்லை. துணியை நனைத்துப் பிழிந்து என் நெற்றியில் போட்டாள். வேறு எதையோ சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அரசுக்கு நான் கம்பளி போத்தினேன். காய்ச்சல்னு நெனச்சி. கதவ மூடி, ரெண்டு கம்பளி. தூக்கித் தூக்கி எறிஞ்சான். நான் திருப்பித் திருப்பிப் போத்தினேன்."

தெரியும் அம்மா என்று சொல்லவில்லை. கல்லூரி இரண்டாம் வருடம், வெப்பநிலைப் பாடம் நடந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று வகுப்பிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம். கண்ணீர் எனக்கும் வருகிறது, அதற்குச் சுரப்பி இருக்கிறது.

மே 25, ஞாயிறு

மாமா வந்தார். கையில் இனிப்புப் பெட்டி, கடைச் சீருடைச் சேலை. யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள், பெண் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று. முகத்தில் வருத்தம் இருந்தது, அதற்கு மேல் ஜெயித்த களையும் இருந்தது. நாளைக்கே வந்துவிடட்டும், முதலாளியிடம் பேசிவிட்டேன் என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"யாரு மயங்குனா? அவ மயங்கல. அம்மன் வந்தா. ஊரே பாத்துச்சு."

மாமா என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் உண்மையைச் சொல்லி நிற்கப் பார்க்கிறேன், இவள் பொய்யைச் சொல்லி என்னை நிறுத்துகிறாள். "இல்ல மாமா, வுழுந்தேன்" என்றேன். "ஆனா நாளைக்கு வேலைக்குப் போறேன்."

"கேட்டீங்களாண்ணா," என்றாள் அம்மா. "சாமி வந்தவங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. எட்டு வயதிலிருந்து அம்மன் கோயில் வாசலை மிதிக்காதவள் என் அம்மா என்பது மாமாவுக்குத் தெரியாதா? இல்லை, அரசு போன பிறகு என்று எழுத வேண்டும். எனக்கு அப்போது வயது எட்டு. கைக்குத்தான் அவசரம், தலை தெளிவாகத்தான் இருக்கிறது.

மாமா இனிப்பை வைத்துவிட்டு, சேலையை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் அம்மாவோடு சண்டை போட்டேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். "உன்ன வூட்டுல வெச்சிப் பூட்டுனா மட்டும் உள்ள எரியறது அணைஞ்சிடுமா?" என்றாள். பிறகு அவளும் தன் நிபந்தனைகளைப் போட்டாள். வெயில் ஏறுவதற்குள் பாதி ஊரை முடிக்க வேண்டும். உச்சிவேளையில் தேசம்மா வீட்டில் உட்கார வேண்டும். சைக்கிளில் எப்போதும் இரண்டு கேன் தண்ணீர். தலைவலித்தால் தலைவலி என்று சொல்ல வேண்டும். கடைசியைத் தவிர எல்லாவற்றுக்கும் உடனே சரி என்றேன். கடைசிக்குக் கொஞ்சம் யோசித்துச் சரி என்றேன்.

மே 26, திங்கள்

போனேன். லோகநாதன் சார் எழுந்து நின்று வரவேற்றார். உட்காருங்கள் சார், நான்தான் என்றேன். நேரத்தை மாற்றிக் கேட்டேன். தபால் வண்டி வருவதற்கு முன்பு முந்தைய நாள் மீதியை எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பலாம், மற்றதை வெயில் தாழ்ந்து கொடுக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வீடு வாசலில் குடம் வைத்திருக்கிறார்கள், மேலே வேப்பிலை. ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன்: இது அம்மனுக்கு இல்லை, எனக்கு, என் பெயர் அமுதவல்லி, எனக்கு வேர்க்காது. எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, குனி தாயி என்றார்கள். குனிந்தேன். நாளைக்கும் சொல்வேன்.

தேசம்மா அக்கா மட்டும் வேப்பிலை போடவில்லை. எருமைக்கு ஊற்றுகிற அதே வாளி, அதே தண்ணீர்.

மே 28, புதன்

பக்கத்தின் தலையில் அக்னி நட்சத்திரம் முடிவு என்று அச்சடித்திருக்கிறார்கள். வெயிலுக்கு அது தெரியாது. இன்றும் கொளுத்தியது. தலைவலி இருந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

நாளைக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டும். அம்மா சட்டையை இப்போதே வாளியில் ஊறப்போட்டிருக்கிறாள்.